பழநி யாத்திரையும் விமானச் சீட்டும்

தைப்பூசத் திருநாள் மீண்டும் நெருங்கி வருகிறது. பத்துமலையிலும், பினாங்குத் தண்ணீர்மலையிலும், ஈப்போ கல்லுமலையிலும், சிங்கப்பூர் தேங்க் சாலையிலும் முருகப் பெருமானின் மெய்யன்பர்கள் காவடி ஏந்த விரதம் தொடங்கிவிட்டனர். காவடி இறக்கிய மறுவாரமே ஆலயங்களின் அறிவிப்புப் பலகைகளில் வேறோர் அறிவிப்பு ஒட்டப்படுவது வழக்கம். பழநி யாத்திரை, இத்தனை நாள், இவ்வளவு வெள்ளி, இடங்கள் குறைவு, முந்திக்கொள்க என்று அதில் எழுதியிருக்கும். எந்த விமான நிலையத்தில் இறங்குவது, இறங்கும் நேரம் பகலா இரவா, அங்கிருந்து மலையடிவாரத்துக்கு எத்தனை மணி நேரப் பயணம், படியேற இயலாத முதியவர்களுக்கு என்ன ஏற்பாடு என்ற விவரங்கள் பெரும்பாலும் அதில் இரா. யாத்திரையின் சுகமும் துக்கமும் இந்த எழுதப்படாத விவரங்களில்தான் அடங்கியிருக்கின்றன.

பழநிக்கும் இவ்விரு நாடுகளுக்கும் உள்ள உறவு நேற்று முளைத்ததன்று. வட்டித்தொழில் நிமித்தம் கடல் கடந்து வந்த நகரத்தார் பெருமக்கள், தாங்கள் தங்கிய இடமெல்லாம் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பினர். பினாங்கில் 1857-ஆம் ஆண்டிலும், சிங்கப்பூர் தேங்க் சாலையில் 1859-ஆம் ஆண்டிலும் அமைந்த ஆலயங்கள் அவ்வழி வந்தவையே. கையில் தண்டு ஏந்தி ஆண்டிக்கோலத்தில் நிற்கும் பழநியாண்டவனையே அவர்கள் இங்கும் கண்டு வணங்கினர். செட்டிநாட்டிலிருந்து நகரத்தார் காவடி சுமந்து, இரத்தின வேலுடன் பழநிக்கு நடந்து செல்லும் மரபு இன்றளவும் தைப்பூசத்தையொட்டித் தொடர்கிறது. இங்குள்ள வெள்ளி இரத ஊர்வலத்தைக் கண்டு வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்கு மூலஸ்தானத்தையும் ஒருமுறை காட்டிவிட வேண்டும் என்று பாட்டிமார் விரும்புவதில் வியப்பேதுமில்லை.

அக்காலத்தில் பயணமென்றால் கப்பல். 1926-இல் ஓடத் தொடங்கிய ரஜூலா 1973 வரையிலும், அதன் பின்னர் எம்.வி. சிதம்பரம் 1985-இல் தீ விபத்துக்குள்ளாகும் வரையிலும், சிங்கப்பூர், கிள்ளான் துறைமுகம், பினாங்கு ஆகிய இடங்களிலிருந்து நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் மக்களைச் சுமந்து சென்றன. ஏறத்தாழ ஒரு வாரம் கடலில். தளத்தில் பாய் விரித்துப் படுத்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. ஆயினும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். இறங்குவதற்குள் உடம்பு பயணத்துக்குப் பழகிவிடும். நாகையிலோ சென்னையிலோ உறவினர் வீட்டில் இரண்டு நாள் தங்கிய பின்னரே பழநிக்கு இரயில் ஏறினர். இன்றோ நான்கு மணி நேரத்தில் கடல் கடந்து, அதே வேகத்தில் சாலையையும் மலையையும் கடந்துவிடலாமென எண்ணுகின்றனர். விமானத்தின் வேகம் விமான நிலையத்தோடு முடிந்துவிடுகிறது என்பது பலருக்கு அங்கே போய்த்தான் தெரிகிறது.

பழநியில் விமான நிலையம் இல்லை. அருகில் உள்ளவை மூன்று. கோயம்புத்தூர் ஏறத்தாழ 110 கிலோமீட்டர். மதுரை ஏறத்தாழ 125 கிலோமீட்டர். திருச்சிராப்பள்ளி ஏறத்தாழ 160 கிலோமீட்டர். நான்காவதாகச் சென்னையையும் சேர்த்துக்கொள்ளலாம். அது 450 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பினும், விமானங்கள் மிகுதியாகச் செல்லும் இடம் அதுவே.

மலேசிய அன்பர்களில் பெரும்பாலோர் திருச்சியையே நாடுகின்றனர். அதற்குக் காரணம் உண்டு. 2003-ஆம் ஆண்டில் இந்திய அரசு, ஆசியான் நாடுகளின் விமான நிறுவனங்கள் விரும்பிய அளவு பறந்துவரலாமென 18 நகரங்களைத் திறந்துவிட்டது. அப்பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற நகரம் திருச்சி. மதுரை இடம்பெறவில்லை, மதுரை வணிகர்களும் பயணிகளும் அதுகுறித்துப் பல்லாண்டுகளாகக் குரல் கொடுத்து வருகின்றனர். 2008-ஆம் ஆண்டின் இறுதியில் ஏர் ஆசியா கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்குக் குறைந்த கட்டணத்தில் பறக்கத் தொடங்கிய பின்னர், தோட்டப்புறத்துக் குடும்பங்களுக்கும் இந்தியப் பயணம் எட்டக்கூடியதாயிற்று. சிங்கப்பூரிலிருந்தும் திருச்சிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் பறக்கின்றன. முன்னர் திருச்சியில் இறங்கியவர்கள் குடிநுழைவு வரிசையில் நின்ற கதையை மறக்க மாட்டார்கள். 2024 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்டு அவ்வாண்டு ஜூன் முதல் இயங்கும் புதிய முனையம் அந்தக் குறையைப் பெரிதும் தீர்த்திருக்கிறது.

திருச்சியின் குறை வேறிடத்தில் உள்ளது. அங்குச் செல்லும் விமானங்களில் பல மாலையிலோ இரவிலோ சென்று இறங்குபவை. குடிநுழைவு, சாமான், சுங்கச் சோதனை எல்லாம் முடிந்து வெளியே வரும்போது உள்ளூர் நேரம் பத்தோ பதினொன்றோ ஆகியிருந்தால், பயணிகளின் உடம்புக்கு அது நள்ளிரவு கடந்த நேரம். இந்திய நேரம் இவ்விரு நாடுகளின் நேரத்துக்கு இரண்டரை மணி பின்தங்கியது. வாசலில் வேன் காத்திருக்கும். விடுதிச் செலவு ஓரிரவு மிச்சமாகுமே என்று நேராகப் பழநிக்குப் புறப்படும்படி பயணத்திட்டம் வகுத்திருப்பார்கள். திண்டுக்கல் வரை நெடுஞ்சாலை; அதன் பின் ஒட்டன்சத்திரம் வழியாகப் பழநி. நன்றாகப் போனாலும் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. ஓட்டுநர் பகல் முழுதும் வேறோர் குழுவை ஏற்றி இறக்கிவிட்டு வந்தவராக இருக்கலாம். அவர் தூங்கினாரா என்று கேட்பவர் எவருமிலர்.

தைப்பூசக் காலத்தில் இந்தச் சாலையில் வேறொன்றும் சேர்ந்துகொள்கிறது. மதுரை, சிவகங்கை, காரைக்குடி, திருச்சி எனப் பல திசைகளிலிருந்தும் பாதயாத்திரை செல்லும் அடியார் கூட்டம், பகல் வெயிலுக்கு அஞ்சி இரவில் நடந்துசெல்லும் வழி இது. மஞ்சளும் பச்சையும் உடுத்திய ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் சாலையோரமாக இருட்டில் நடந்து செல்கின்றனர். அவர்களை உரசிக்கொண்டு, உறக்கக் கண்ணோடு ஓட்டப்படும் வேனில், அதே ஆண்டவனைத் தரிசிக்கச் செல்கிறோம் என்று சொல்லிக்கொள்வது எவ்வகையில் பொருந்தும்? இரவில் திருச்சியில் இறங்குபவர்கள் திருச்சியிலேயே உறங்க வேண்டும். காலையில் திருவரங்கனையோ, சமயபுரத்தாளையோ, தாயுமானவரையோ வணங்கிவிட்டு நிதானமாகப் புறப்படலாம். ஓரிரவு விடுதிக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கும் எந்தப் பயணத்திட்டத்தையும் ஆலயக் குழுக்கள் ஏற்கலாகாது.

சிங்கப்பூர் அன்பர்களுக்குக் கோயம்புத்தூர் நல்ல வழி. முன்னர் சில்க் ஏர் பறந்த வழியில் அதன் பின்னர் ஸ்கூட் பறக்கிறது. இறங்கியபின் பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வழியாகச் செல்லும் சாலையில் தென்னந்தோப்புகளும் காற்றாலைகளும் தொடர்ந்து வரும். மூன்று மணி நேரத்துக்குள் மலை கண்ணுக்குத் தெரிந்துவிடும். மருதமலையையும் சேர்த்துத் தரிசிக்க விரும்புவோர்க்கும் இதுவே வசதி. ஜொகூர் அன்பர்கள் கோலாலம்பூருக்கு வடக்கே ஏறிப் போவதைக் காட்டிலும், பாலம் கடந்து சாங்கி சென்று கோவைக்குப் பறப்பது பல வேளைகளில் எளிதாக இருக்கும். பாலத்து நெரிசலைக் கணக்கில் கொண்டு புறப்பட வேண்டும் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மதுரை வழி செல்பவர்கள், மீனாட்சியம்மையையும் திருப்பரங்குன்றத்தையும் பழமுதிர்சோலையையும் ஒரே யாத்திரையில் முடிக்கலாம். அறுபடை வீடுகளில் இரண்டு அங்கேயே அமைந்திருப்பதால், மூன்றாம் படைவீடான பழநியோடு சேர்த்தால் பாதி நிறைந்துவிடும். ஆயின், மதுரைக்கு இவ்விரு நாடுகளிலிருந்தும் விமானங்கள் திருச்சியைப் போல மிகுதியில்லை. கொழும்பு வழியாக மாறிச் செல்லும் வழியும் உண்டு. கொழும்பில் காத்திருக்கும் நேரம் இரண்டு மூன்று மணியானால் தாழ்வில்லை. எட்டு மணி நேரம் எனில், முழங்கால் வலியுள்ள அம்மையார் ஒருவரை அந்த இரும்பு நாற்காலியில் அமர்த்தி வைப்பது பாவம்.

சென்னை வழியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏமாற்றங்கள் பெரும்பாலும் இங்கேதான் நிகழ்கின்றன. சென்னைக்குக் கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் நாள்தோறும் பல விமானங்கள். பினாங்கிலிருந்தும் 2024 டிசம்பரில் இண்டிகோ நேரடியாகப் பறக்கத் தொடங்கியது. வடமலேசிய அன்பர்களுக்கு அது நெடுநாளைய வேண்டுதல். சென்னையிலிருந்து கோவைக்கோ மதுரைக்கோ உள்நாட்டு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம். கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் வெளிநாட்டுச் சீட்டை ஒரு நிறுவனத்திலும் உள்நாட்டுச் சீட்டை மற்றொரு நிறுவனத்திலும் தனித்தனியே வாங்கியவர்களின் நிலை வேறு. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது பறந்துபோய்விட்டால், இரண்டாவது நிறுவனத்துக்கு எவ்விதக் கடப்பாடும் இல்லை. புதிய சீட்டைப் புதிய விலைக்கு வாங்க வேண்டியதுதான். மேலும், சென்னையில் குடிநுழைவு முடித்து, பெட்டிகளை எடுத்து, உள்நாட்டு முனையத்துக்குச் சென்று மறுபடியும் ஒப்படைக்க வேண்டும். இந்தியாவுக்குள் பறக்கும் குறைந்த கட்டண விமானங்களில் பொதுவாக ஒருவருக்கு 15 கிலோ மட்டுமே அனுமதி. இங்கிருந்து 25 கிலோ கொண்டு சென்றவர், உறவினர்க்கு வாங்கிய மைலோவுக்கும் பிஸ்கட்டுக்கும் அவற்றின் விலையைக் காட்டிலும் மிகுதியாகக் கட்டணம் செலுத்த நேரிடும். இரு பயணங்களையும் ஒரே சீட்டில் பதிவு செய்வதே தக்கது. அது இயலாதெனில், இடையில் ஓரிரவு சென்னையில் தங்கும்படி அமைத்துக்கொள்ள வேண்டும்.

இரயிலை விரும்புவோர்க்கும் வழி உண்டு. சென்னை சென்ட்ரலிலிருந்து பாலக்காடு செல்லும் இரவு விரைவு இரயில் பழநி வழியாகவே செல்கிறது. கப்பல் காலத்துப் பெரியவர்கள் இன்றும் இதையே விரும்புகின்றனர். படுத்துறங்கி எழுந்தால் பழநி. படுக்கை இடம் கிடைப்பதுதான் அரிது.

விமானத் தாமதம் குறித்து மலேசியப் பயணிகள் அறிந்திருக்க வேண்டிய ஒன்றுண்டு. 2016-ஆம் ஆண்டின் விமானப் பயணிகள் பாதுகாப்பு விதித்தொகுப்பின்படி, இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் நிறுவனம் உணவு வழங்க வேண்டும். ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ ஆனால், பயணத்தைக் கைவிட்டு முழுக் கட்டணத்தையும் திரும்பக் கோரலாமென 2024 செப்டம்பரில் நடப்புக்கு வந்த திருத்தம் கூறுகிறது. மாவ்கோம் எனப்பட்ட ஆணையத்தின் பணிகளை 2025 ஆகஸ்ட் முதல் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் ஏற்றுள்ளது. புகார்கள் அங்கே செல்ல வேண்டும். முகப்பில் கத்திக் கூச்சலிடுவதால் ஆவது ஒன்றுமில்லை. சீட்டையும் தாமத அறிவிப்பையும் பத்திரப்படுத்தி வைத்தவருக்கே பணம் திரும்பும்.

விசா பற்றிச் சுருக்கமாக. இரு நாட்டவர்க்கும் இந்திய மின்விசா உண்டு. மேற்சொன்ன நான்கு விமான நிலையங்களிலும் அதைக்கொண்டு நுழையலாம். இந்திய அரசின் தளத்தைப் போலவே தோற்றமளித்து இருமடங்கு பணம் பறிக்கும் தளங்கள் பல உள்ளன. படித்த பிள்ளைகளே அவற்றில் ஏமாறுகின்றனர். கடப்பிதழ் ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாக வேண்டும். 2025 அக்டோபர் முதல் வெளிநாட்டவர் வருகைப் படிவத்தை இறங்குவதற்கு முந்திய 72 மணி நேரத்துக்குள் இணையத்திலேயே நிரப்பலாம். மூத்தவர்களுக்கு ஆலயத்து இளைஞர் பிரிவினர் இதைச் செய்து கொடுத்தால் அதுவும் ஒரு திருப்பணியே.

சக்கர நாற்காலி தேவைப்படுவோர், சீட்டு வாங்கும்போதே அல்லது குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்னரே விமான நிறுவனத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும். வாசலில் சென்று கேட்டால் உடனே கிடைக்குமென எண்ணுவது தவறு. இன்சுலின் முதலிய மருந்துகளைக் கைப்பையில், மருத்துவர் சீட்டுடன் வைத்துக்கொள்ள வேண்டும். விரதம் இருப்பவர்கள் சைவ உணவை முன்கூட்டியே பதிவு செய்தல் நலம். குறைந்த கட்டண விமானத்தில், மிஞ்சிய உணவு எதுவோ அதுவே கடைசி வரிசைக்கு வந்து சேரும்.

பூசைப் பொருள்களால் விமான நிலையச் சோதனையில் ஏற்படும் வாக்குவாதங்கள் சொல்லி மாளா. சூடமும் தீப்பெட்டியும் தீப்பற்றும் பொருள்கள். பெட்டியில் வைத்தாலும் எடுத்து எறிந்துவிடுவர். கொப்பரைத் தேங்காயும் அவ்வாறே. எண்ணெய்ச் சத்தால் சூடேறித் தீப்பிடிக்கும் என்பதால் விமானத்தில் தடை. 2024-ஆம் ஆண்டு சபரிமலை மண்டலக் காலத்தில் ஐயப்பமார்களின் இருமுடித் தேங்காயைக் கைப்பையில் எடுத்துச் செல்ல இந்திய விமானப் பாதுகாப்புத் துறை தற்காலிகமாக இசைவளித்தது உண்மை. அதைக் காட்டிப் பழநிக்குச் செல்பவர்கள் வாதாடுவதில் பயனில்லை. தேங்காய், பழம், சூடம் எல்லாம் அடிவாரத்துக் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. நேர்த்திக்கடனுக்கான வேல், அலகு முதலியவற்றைப் பதிவுசெய்த பெட்டியில், நன்றாகச் சுற்றி வைக்க வேண்டும். கையில் எடுத்துச் செல்ல எவரும் விடமாட்டார்.

திரும்பும்போது பஞ்சாமிர்தம். பழநிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழ்நாட்டுத் திருக்கோயில் பிரசாதங்களுள் அப்பெருமையை முதலில் பெற்றது இதுவே. விருப்பாட்சி மலைவாழைப்பழமும் நாட்டுச் சர்க்கரையும் தேனும் நெய்யும் ஏலமும் சேர்ந்த அந்தச் சுவைக்காக ஒவ்வொருவரும் பத்து டப்பா வாங்குவதைத் தடுக்க இயலாது. ஆனால், விமானப் பாதுகாப்பு விதியில் அது திரவத்தோடு சேர்ந்தது. நூறு மில்லிலிட்டருக்கு மேற்பட்ட டப்பாவைக் கைப்பையில் வைத்தால், சோதனை மேசையோடு அதற்குப் பிரியாவிடை சொல்ல வேண்டியதுதான். பிரசாதம் குப்பைத் தொட்டியில் விழுவதைக் கண்டு கண்ணீர் விட்டவர்கள் உண்டு. மூடியைச் சுற்றி நெகிழிப்பையில் இறுகக் கட்டி, துணிகளுக்கு நடுவே பெரிய பெட்டியில் வைத்து ஒப்படைத்தல் வேண்டும். விபூதியைப் பெயர் அச்சிட்ட பொட்டலமாகவே வைத்திருந்தால் கேள்விகள் குறையும்.

மலையைப் பற்றியும் சிறிது. ஏறத்தாழ 700 படிகள். படிக்கட்டைக் காட்டிலும் யானைப் பாதை சற்றே எளிது. 1966 முதல் இழுவை இரயிலும், 2004 முதல் ரோப்காரும் உள்ளன. ரோப்கார் நாள்தோறும் ஓடுமென நம்பிச் சென்று ஏமாறுபவர் பலர். ஆண்டுக்கொருமுறை பராமரிப்புக்கென ஒரு மாதத்துக்கு மேலும் அதை நிறுத்துவதுண்டு. மாதத்துக்கு ஒரு நாளும் நிறுத்துவர். பலத்த காற்று வீசினாலும் ஓடாது. ஆடிக்காற்று வீசும் காலத்தில் மலிவாகச் சீட்டுக் கிடைக்கிறதென்று அழைத்துச் செல்லப்படும் முதியவர்கள், இழுவை இரயிலின் நீண்ட வரிசையில் நிற்க நேரும். பயண நாளைக் குறிக்குமுன் தேவஸ்தானத்தைக் கேட்டுக்கொள்வது ஒரு தொலைபேசி அழைப்பில் முடியும் காரியம். 2023 அக்டோபர் முதல் மலைமீது கைப்பேசிக்குத் தடை. அடிவாரத்தில் ஒப்படைக்க ஏற்பாடு உண்டு. கிரிவலப் பாதையில் தனியார் வண்டிகளை 2024 முதல் விடுவதில்லை என்பதால் வேன் வாசல்வரை வராது. தேவஸ்தானத்தின் மின்கல வண்டிகள் உள்ளன. குழுவிலிருந்து பிரிந்தவரைக் கைப்பேசியில் அழைக்க முடியாது. ஆதலின் மீண்டும் கூடும் இடத்தையும் நேரத்தையும் ஏறுமுன்னரே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

தைப்பூசத்தன்றே பழநியில் இருக்க வேண்டுமென்ற ஆசை இயல்பானதே. அதன் தன்மையை அறிந்து செல்ல வேண்டும். விழாவுக்குக் கொடியேறுவதும், பூசத்தன்று தேரோடுவதும் மலைமீதன்று, ஊருக்குள் பெரியநாயகியம்மன் கோயிலில். இலட்சக்கணக்கான அடியார்கள் திரளும் அந்நாளில், மலைமேல் தரிசனத்துக்கு ஆகும் நேரத்தை எவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. உடல்வலிமையுள்ள இளைஞர்கள் தாராளமாகச் செல்லலாம். முதியவர்களையும் கைக்குழந்தைகளையும் அழைத்துச் செல்லும் குடும்பங்கள், பூசத்தை இங்கேயே கொண்டாடிவிட்டு, பள்ளி விடுமுறையும் விழாவும் இல்லாத வாரநாளொன்றில் செல்லுதல் சாலச் சிறந்தது. விமானக் கட்டணம் குறையும். மாலைச் சாயரட்சையில் இராஜ அலங்காரத்தை நெருங்கி நின்று காணலாம். அதன்பின் தங்கரதமும் காணலாம். அடிவாரத்துத் திருஆவினன்குடியை முதலில் வணங்கிவிட்டு மலையேறும் முறையும் அவசரமின்றி நிறைவேறும். 2023 ஜனவரியில் குடமுழுக்குக் கண்ட திருக்கோயிலைப் பிடித்துத் தள்ளப்படாமல் கண்ணாரக் காணும் பேறு அத்தகைய நாளில்தான் வாய்க்கும்.

இனி, ஆலயக் குழுக்களின் பொறுப்பு. இதைச் சொல்வதற்குக் கூச்சப்படுபவர் பலர். ஆயினும் சொல்லாமல் விடுவதற்கில்லை. ஆலயத்தின் பெயரில் யாத்திரை அறிவிக்கப்படும்போது, மக்கள் முகவரை நம்பிப் பணம் கொடுப்பதில்லை. ஆண்டவனை நம்பி, ஆலயத்தை நம்பிக் கொடுக்கின்றனர். மாதாமாதம் சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணம், பிள்ளைகள் கொடுத்த கைச்செலவிலிருந்து மிச்சம் பிடித்த பணம். அதைப் பெறுபவர் ஒரு தாளில் பெயரையும் தொகையையும் குறித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது இன்னும் சில இடங்களில் நடக்கிறது. இறுதி நேரத்தில் பயணம் தள்ளிப்போனால், குழுவினர் முகவரைக் கைகாட்டுவர். முகவர் விமான நிறுவனத்தைக் கைகாட்டுவார். அம்மூதாட்டியோ கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிடுவார்.

மலேசியாவில் சுற்றுலா நடத்தும் தொழிலுக்கு 1992-ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில் சட்டத்தின்கீழ் உரிமம் வேண்டும். சிங்கப்பூரில் பயண முகவர்களுக்குச் சுற்றுலாக் கழகம் உரிமம் வழங்குகிறது. ஆலயக் குழு தானே பயண நிறுவனமாக மாறிப் பணம் திரட்டுதல் சட்டத்துக்கும் முறைக்கும் பொருந்தாது. உரிமம் பெற்ற முகவரிடம் ஒவ்வொரு யாத்திரிகரும் நேரே பணம் செலுத்தி, நேரே இரசீது பெற வேண்டும். முகவர் குழுத் தலைவர்க்கென இலவசச் சீட்டு வழங்கினால், அது எவருக்கு, எக்காரணத்துக்கு என்று பொதுவில் தெரிவிக்க வேண்டும். பத்துப் பேருக்கு ஓர் இலவச இடம் என்பது பயணத்தொழிலில் மறைவான செய்தியன்று. ஆலயத்தில் மட்டும் அது ஏன் மறைவாக இருக்க வேண்டும்? அந்த இடத்தை வசதியற்ற மூத்த தொண்டர் ஒருவருக்கு, அல்லது குழுவோடு செல்லும் தாதி ஒருவருக்கு வழங்கினால் குறைசொல்ல வாயிராது.

பணம் திரும்பாவிட்டால் மலேசியாவில் பயனீட்டாளர் தீர்ப்பாயமும், சிங்கப்பூரில் சிறு கோரல் நடுவர் மன்றமும் உள்ளன. வழக்கறிஞர் இன்றியே முறையிடலாம். இரசீது இல்லாதவர் அங்கே சென்று நிரூபிப்பது கடினம்.

ஆகவே, இவ்வாண்டு பூசம் முடிந்து அறிவிப்புப் பலகையில் பழநி யாத்திரைத் தாள் ஒட்டப்படும்போது, விலைக்கு அடுத்து இன்னும் சில வரிகள் அதில் இருத்தல் வேண்டும். முகவரின் பெயரும் உரிம எண்ணும். இறங்கும் விமான நிலையமும் நேரமும். முதல் இரவு உறங்கும் ஊர். கட்டணத்தில் சாமான் எத்தனை கிலோ என்பது. பயணம் நின்றால் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பும் என்பது. அந்நாள்களில் ரோப்கார் ஓடுமா என்பது. அரைத்தாளில் அடங்கும் விவரங்கள்தாம். அவை இல்லாத தாளைக் கண்டால், முன்பணம் கட்டுமுன் செயலாளரிடம் கேட்கும் உரிமை ஒவ்வோர் அன்பருக்கும் உண்டு. பதில் சொல்லும் கடமை அவருக்கும் உண்டு.